மெசஞ்சரும் கூரியரும்: பொருளெல்லையும் தமிழாக்கமும்

'மெசஞ்சர்', 'கூரியர்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் செய்தி கொண்டுசெல்வோரைக் குறிப்பினும் அவற்றின் வேர்கள் வேறு. முன்னது 'அனுப்புதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்றும், பின்னது 'ஓடுதல்' என்னும் பொருளுடைய வினையினின்றும் பிறந்தன. எனவே முன்னதில் செய்தியும், பின்னதில் விரைந்து சேர்ப்பித்தலும் முதன்மை பெறுகின்றன.

திருக்குறளின் 'தூது' அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர், கூறியதைக் கூறுவோர் என இருவகைப்படுத்துகிறார். இருவருமே வாய்திறந்து பேசுவோர் என்பது கருதத்தக்கது.

மும்பையின் காட்கோபரில் குசராத்தியர் மிகுதி. குசராத்தி வணிகர் வழக்கிலுள்ள 'அங்காடியா' என்பவர் பணம், வைரம் முதலியவற்றை நம்பிக்கையின்பேரில் ஊர்விட்டு ஊர் சேர்ப்பிப்பவர். அவர் உரைக்கவேண்டிய செய்தி எதுவுமில்லை. அவரைத் 'தூதர்' எனப் பெயர்ப்பின் இல்லாத பேச்சுரிமை அவர்மேல் ஏறிவிடும். 'கூரியர்' என்பதே பொருந்தும். 'தூதஞ்சல்' என்னும் ஆக்கமும் இக்குறையினின்று முற்றும் நீங்கியதன்று.

எனினும், அலுவலக மெசஞ்சர் ஒட்டிய உறையை மட்டும் சுமப்பதும் உண்டு. அங்கும் 'தூதர்' பொருந்தாது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் அகராதிப் பொருளோடு அமையாது, கொணர்பவர் செய்தியை உரைக்கிறாரா, ஒப்படைக்கிறாரா என ஆராய்ந்தே சொல் தெரிதல் வேண்டும்.