இன்னும் ஒரே ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு பத்து நிமிஷத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: அடுத்து என்ன வாங்கப்போறே? இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர். 1990களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் கிண்டலாக எழுதிய பத்தியில் 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்றார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கேஸ்' என்று வரும். தமிழில் வாயுத்தொல்லை என்று தாராளமாகச் சொல்லலாம், அர்த்தம் கெடாது. பெக்கரே அந்தக் குழுவில் ஆரம்பத்தில் பேஸ் வாசித்தவர்தான், அதனால் சொந்த அனுபவமாகவும் இருந்திருக்கலாம்.

என்னிடம் மூன்று பேஸ் இருக்கின்றன. நான்காவதுக்கான காரணங்களும் கைவசம் தயார். இந்தக் காரணங்களைத்தான் கொஞ்சம் குடைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆசை தன்னால் வரும், போகும். அதற்கு நியாயம் தைத்துப் போடுகிறோமே, அதுதான் பர்ஸைத் திறக்கிறது.

முதல் நியாயம், எல்லாரும் சொல்வது: "ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு குரல்." இது பொய் இல்லை. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸும், 1960இல் வந்த ஜாஸ் பேஸும் வேறு வேறு மாதிரி பேசும். 1957க்குப் பிறகான பிரிசிஷனில் இரண்டாகப் பிளந்த ஒரு பிக்கப். ஜாஸில் தனித்தனியாக இரண்டு, கழுத்தும் ஒல்லி. முன்னது நடுவில் தடிமனாக நிற்கும், பின்னது கொஞ்சம் மூக்கால் பேசும். தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியும்.

பிரச்சினையே அந்தத் 'தனியாக'வில்தான் இருக்கிறது. டெமோ வீடியோ என்ற ஒரு கலைவடிவம் நம்மை எப்படிப் பழக்கியிருக்கிறது என்று பாருங்கள். நல்ல வெளிச்சம், மரத்தின் ரேகை மேல் மெதுவாக நகரும் கேமரா, ட்ரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை. ஒருவர் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஏறிக் கட்டை விரலால் படபடவென்று அடிக்கிறார். அதை நாம் போனில் பார்க்கிறோம். பேஸின் தாழ்ந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ் சொச்சம். போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. நாம் கேட்பது மேலே மிதக்கும் ஹார்மோனிக்குகளும், கம்பி ஃப்ரெட்டில் மோதும் சத்தமும், விரல் உரசலும். அதாவது பேஸில் பேஸ் தவிர மற்றதெல்லாம்! அதை வைத்து "இதில் அடிநாதம் நல்லா இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

என்னிடம் இருக்கும் பிரிசிஷன் வகையிலும் ஜாஸ் வகையிலும் ஒரே வரியை ஒரு பாட்டுக்கு அடியில் பதிவு செய்து, கூட வாசிக்கும் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். தனித்தனியாகப் போட்டபோது உடனே பிரித்துச் சொன்னார். கிக் ட்ரம்மும் கீபோர்டும் சேர்ந்ததும், "ரெண்டாவது டேக்கில் கொஞ்சம் முந்துற" என்றார். எந்த பேஸ் எது என்ற கேள்விக்கே அவர் போகவில்லை. ஒரு ஆள், ஒரு பாட்டு. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக்குள்ளே காது தேடுவது எங்கே அடிக்கிறோம், எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதைத்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. 'இளைய நிலா'வைக் கேட்டுவிட்டு நாமெல்லாம் மேலே ஓடும் கிட்டாரைப் பற்றித்தான் பேசுவோம். கீழே போகும் பேஸை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு என்ன ஆகும்? இளையராஜாவின் பேஸ் வரிகள் மேல் பைத்தியமாக இருப்பவர்கள்கூட அவை எந்தக் கம்பெனி பேஸில் வாசிக்கப்பட்டன என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வரியைத்தான் முணுமுணுக்கிறார்கள்.

இங்கே ஜான் என்ட்விசிலின் கதையைச் சொல்லியாக வேண்டும். தி ஹூ குழுவின் பேஸிஸ்ட். 1965இல் 'மை ஜெனரேஷன்' பதிவின்போது அவருக்கு டேன்எலெக்ட்ரோ என்ற மலிவான அமெரிக்க பேஸின் ஒலி பிடித்திருந்தது. அதன் மெல்லிய கம்பிதான் அந்தப் பளிச்சென்ற சத்தத்தைக் கொடுத்தது. கம்பி அறுந்தது. இங்கிலாந்தில் மாற்றுக் கம்பி கிடைக்கவில்லை. அதனால் இன்னொரு பேஸையே வாங்கினார். அதிலும் அறுந்தது. மூன்று டேன்எலெக்ட்ரோ வரைக்கும் போய், கடைசியில் ஒரு ஃபெண்டர் ஜாஸை வைத்து முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மறு வருஷம் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து, தனக்கு வேண்டிய ரவுண்ட்வவுண்ட் கம்பியை உருவாக்க வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த வகைக் கம்பியைப் போட்டு வாசிக்கிறார்கள்.

கம்பி வேண்டியவன் பேஸை வாங்கினான். நம்மில் பலருடைய அலமாரியை நாலு வார்த்தையில் எழுதினால் இதுதான். அவருக்காவது கம்பி கிடைக்காத காலம் என்ற சாக்கு இருந்தது. நமக்கு? பழைய மோட்டவுன் ஒலி வேண்டுமென்றால் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி ஒரு செட், பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், டோன் குமிழைக் கொஞ்சம் குறைப்பது. ஒரு புது பேஸின் விலையில் இதெல்லாம் ஒரு துணுக்கு. ஆனால் ஸ்பாஞ்சை அட்டைப் பெட்டியில் வைத்து யாரும் கூரியரில் அனுப்புவதில்லையே. பெட்டி பிரிக்கும் சுகம் அதில் இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஜேம்ஸ் ஜேமர்சனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரே ஒரு 1962 பிரிசிஷன், மாற்றாத பழைய கம்பி, வலது கையில் ஒரே விரல், அதை வைத்து மோட்டவுனையே தூக்கி நிறுத்தினார், உனக்கு எதுக்குப்பா அஞ்சு? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையையும் அப்படியே விழுங்க எனக்கு மனசு வரவில்லை. ஜேமர்சன் டபுள் பேஸில் வளர்ந்தவர், மோட்டவுனின் ஆரம்பகாலப் பதிவுகளில் அதைத்தான் வாசித்தார். அந்த 1962 பேஸுக்கு முன்னாலும் அவர் கையில் ஃபெண்டர் இருந்தது, அது திருட்டுப் போனது. புகழ்பெற்ற அந்த பேஸும் 1983இல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திருட்டுப் போனது. தினமும் போய் வாசிக்க ஒரு ஸ்டூடியோ, பேஸை நேரடியாகக் கன்சோலில் செருகிப் பதிவு செய்யும் எஞ்சினியர்கள், கூடவே அசாத்தியமான ஒரு குழு. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒலி. அத்தனைக்கும் 1971இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோட்டவுன் ஆல்பங்களின் அட்டையில் அவர் பெயரே போடவில்லை. 'ஒரே பேஸ் போதும்' என்ற உபதேசத்துக்கு அவரைச் சாட்சியாக இழுப்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

என்ட்விசிலோ நேர் எதிர். வாங்கிக் குவித்தார். 2002இல் லாஸ் வேகாஸில் இறந்தார். மறு வருஷம் லண்டனில் சதபீஸ் நிறுவனம் அவருடைய சேகரிப்பை ஏலம் விட்டது. அதற்காக அவர் வாசிக்காமல் வெறுமனே சேர்த்தவர் என்று சொல்ல முடியுமா? ராக் இசையில் அவரளவுக்கு வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆக, எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போட முடியாது. அந்தச் சேகரிப்பில் எனக்குப் பிடித்தது 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்று அவர் பெயர் வைத்த பேஸ். உடைந்துபோன ஐந்து பேஸ்களின் பாகங்களைப் பொறுக்கி அவரே 1967இல் பூட்டியது. கழுத்தை ஸ்க்ரூவால் மாட்டிக் கழற்றலாம் என்று ஃபெண்டர் வடிவமைத்ததே இப்படி மாற்றிப் போடத்தான்.

சேகரிப்புச் சந்தை கோணலாவது இங்கேதான். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த ஒரு வேலைக் கருவி அது. 1965இல் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் கைக்குப் போனது. அதற்கு முந்தையதெல்லாம் இன்றைக்குக் கோயில் சிலை மாதிரி. ஸ்க்ரூ மாற்றினால் விலை போச்சு, மறுபடி பெயின்ட் அடித்தால் பாதி போச்சு. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டே இல்லாமல், கட்டைக்கு மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி வைத்திருந்தார். இன்றைய கலெக்டர் ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால் 'கெடுக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதி ஓரமாக வைத்திருப்பார். 1976இல் வந்த ஜாக்கோவின் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் 'கெடுதல்' என்ன செய்தது என்று தெரியும்.

'முதலீடு' என்ற நியாயத்தைப் பற்றி ஒரு வரி போதும்: விற்கும் உத்தேசமே இல்லாதவன் சொல்லும் முதலீடு அது.

நியாயமான தேவைகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஃப்ரெட் இல்லாத பேஸ் வேறு வாத்தியம். இடது கை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை கீழே இறக்கிவிடும், எந்தக் குமிழைத் திருகினாலும் நாலு கம்பியில் அது வராது. தோள்வலிக்காரர்களுக்கு 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல அளவு பெரிய நிம்மதி. இதையெல்லாம் வாங்குகிறவர்களிடம் ஒன்று கவனித்திருக்கிறேன். எந்தப் பாட்டுக்கு, எந்த இடத்துக்கு என்று அவர்களால் சொல்ல முடியும். மற்றவர்கள் கலரைச் சொல்வார்கள்.

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒன்று பராமரிப்பு. சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதம் ஏறி இறங்க ஏறி இறங்க, கழுத்து வளையும். ட்ரஸ் ராடைத் திருகி நேராக்க வேண்டும். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. மாசக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் ஒழுகும். மூன்று பேஸ் என்றால் மூன்று கழுத்து, மூன்று செட் கம்பி. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கலாம் என்று எடுத்தால், மூன்றையும் சரிபார்த்து டியூன் பண்ணுவதிலேயே காபி நேரம் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த சர்ச் பேஸிஸ்ட் ஒருவர் ஒரே பேஸை வைத்துக்கொண்டு அதே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஆராதனை வாசித்துவிட்டு வந்துவிடுகிறார். அவருக்கும் ஆசை உண்டு, விலையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார். நேரம்தான் இல்லை.

நான்காவது விஷயத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், ஜாஸில் ஃப்ளாட்வவுண்ட் மாட்டி மூன்று மாசம் ஆகிறது. கம்பி இப்போதுதான் மங்க ஆரம்பித்திருக்கிறது, ஒலி வர வர நன்றாக இருக்கிறது. ஃப்ரெட்லெஸ் ஒன்றின் பக்கம் மட்டும் இன்னும் உலாவியில் திறந்தே இருக்கிறது.