வாழத்தகு நகரம்: பட்டியலை மட்டும் நம்பி எழுதலாமா?

மாணவர்களே, ‘எதிர்கால சிங்கப்பூர்’, ‘பசுமை நகரம்’, ‘சுற்றுச்சூழலைப் பேணுவோம்’ என்று தலைப்பு எதுவாக இருந்தாலும், கட்டுரைத் தாள்களில் ஒரு கருத்து தவறாமல் வந்துவிடுகிறது: “உலகின் வாழத்தகு நகரங்கள் பட்டியலில் சிங்கப்பூர் நல்ல இடத்தில் உள்ளது. ஆகவே, இது நீடித்த நிலைத்தன்மை கொண்ட நகரம்.”

படித்தவுடன் சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ‘ஆகவே’ நிற்குமா? பட்டியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், வாங்க.

பட்டியல் யாருக்காக?

செய்திகளில் அதிகம் அடிபடுவது எகனாமிஸ்ட் இண்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் வாழத்தகு நகரங்கள் குறியீடு. 173 நகரங்கள், 30க்கும் மேற்பட்ட கூறுகள், ஐந்து பிரிவுகள். நிலைத்தன்மைக்கு 25 விழுக்காடு, பண்பாடு மற்றும் சுற்றுச்சூழலுக்கு 25, சுகாதாரத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. இங்கே ‘நிலைத்தன்மை’ என்பது குற்றம், கலவரம், போர் இல்லாத அமைதி நிலையைக் குறிக்கிறது. நாம் கட்டுரையில் எழுதும் ‘நீடித்த நிலைத்தன்மை’ வேறு. சொல் ஒன்றுபோல் இருப்பதால்தான் பல மாணவர்கள் இங்கே வழுக்குகிறார்கள்.

கல்விப் பிரிவில் தனியார் கல்வி கிடைக்கிறதா, அதன் தரம் என்ன என்று பார்க்கிறார்கள். சுகாதாரத்தில் தனியார் மருத்துவமும் கணக்கில் வருகிறது. பருவநிலை பற்றிய ஒரு கூறு, பயணிகளுக்கு வெயிலும் புழுக்கமும் எவ்வளவு சிரமம் தருகின்றன என்று கேட்கிறது. பிறந்ததிலிருந்து இந்தப் புழுக்கத்திலேயே வளர்ந்தவரை அது கேட்கவில்லை!

ஏன் இப்படி? இந்தக் குறியீட்டின் முக்கியப் பயன்களில் ஒன்று, நிறுவனங்கள் ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு சிரமப்படி தரலாம் என்று முடிவு செய்ய உதவுவது. 80க்கு மேல் புள்ளி பெற்ற நகரத்துக்குப் படி தேவையில்லை, 50க்கும் கீழ் என்றால் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை என்பது அதன் பரிந்துரை. அந்த வேலைக்கு இது நல்ல கருவிதான். குறை கருவியில் இல்லை. நிறுத்துப் பார்க்கும் தராசைக் கொண்டு துணியை அளக்கிறோமே, அதில்தான் குறை.

எது கணக்கில் வரவில்லை?

முதலாவது, விலைவாசி. அதை அதே நிறுவனம் தனி ஆய்வாக நடத்துகிறது. 2023இல் அந்த ஆய்வில் சிங்கப்பூரும் ஜூரிக்கும் சேர்ந்து உலகின் ஆகச் செலவுமிக்க நகரங்களாக வந்தன. ஒரே நகரம் ஒரு பட்டியலில் வசதியானது, இன்னொன்றில் செலவு மிக்கது. இரண்டும் உண்மையே. ஒன்றை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

இரண்டாவது, கரியமில வாயு. இன்று வசதியாக வாழ ஒரு நகரம் எவ்வளவு எரிக்கிறது, நாளைய பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் வைக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஐந்து பிரிவுகளில் இடமில்லை. நீடித்த நிலைத்தன்மைக்குச் சான்று வேண்டுமென்றால் வேறு அளவுகோலைத்தான் தேட வேண்டும். 2014இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 37120 தரநிலை அப்படிப்பட்ட ஒன்று. காற்றிலுள்ள நுண்துகள், தலைக்கு இத்தனை பசுங்குடில் வாயு, மக்கள்தொகைக்கு ஏற்ற பசுமைப் பரப்பு, போதிய வீட்டுவசதி இல்லாதோர் விகிதம் என்று அது கேட்கிறது.

சராசரிக்குள் மறைபவர்கள்

இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை. சிங்கப்பூர் பசுமைத் திட்டம் 2030இன்படி, 2030க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும். அருமையான இலக்கு. எளிதாகச் சரிபார்க்கவும் முடியும். ஆனால் யாருடைய 10 நிமிடம்? நீங்கள் 10 நிமிடத்தில் போய்விடுவீர்கள். கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டிக்கு 25 நிமிடம் ஆகலாம். நடுவில் ஒரு மேம்பாலம் வந்துவிட்டால் பாட்டி வீட்டோடே இருந்துவிடுவார். வரைபடத்தில் பூங்கா இருக்கும், பாட்டியின் வாழ்க்கையில் இருக்காது.

இன்னொரு கூட்டமும் உண்டு. 2020இல் சிங்கப்பூரில் பதிவான கோவிட்-19 தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் ஏற்பட்டது. நாம் குடியிருக்கும் புளோக்குகளைக் கட்டியவர்கள் அவர்கள். அவர்களில் தமிழ் பேசுவோரும் பலர். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் தெரியும். வாழத்தகு நகரம் என்ற மொத்தப் புள்ளி, ஓர் அறையில் எத்தனை கட்டில் என்று நமக்குச் சொல்லவே இல்லை. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநிலை அறிவிக்கப்பட்டது: அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம். போதுமா இல்லையா என்று இனி எண்ணை வைத்தே வாதிடலாம். அளவு இல்லாத இடத்தில் வாதமும் இல்லை, திருத்தமும் இல்லை. எதை அளக்கிறோம் என்பது வெறும் கணக்குப் பாடமல்ல, நியாயத்தின் பாடமும்கூட என்று நான் சொல்வது இதனால்தான்.

குடியிருப்பவரிடமே கேட்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வீவக 1968 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடும்பங்களிடம் ஆய்வு நடத்துகிறது. வீடு, வட்டாரம் பற்றிய மனநிறைவோடு அண்டை வீட்டாருடனான உறவையும் அது விசாரிக்கிறது. ‘பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவீங்களா?’ என்ற கேள்வியை உலகப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது.

தேர்வில் எப்படி எழுதுவது?

ஒரு தரவரிசையைச் சான்றாகக் காட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காக அளந்தார்கள்? எதை விட்டுவிட்டார்கள்? சராசரிக்குள் யார் மறைந்துபோனார்கள்? பிறகு வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்:

“உலகத் தரவரிசையில் சிங்கப்பூர் பெறும் நற்பெயர் அதன் பாதுகாப்பையும் வசதியையும் காட்டுகிறது. எனினும், முதியோரும் வெளிநாட்டு ஊழியரும் அந்த வசதியை எந்த அளவுக்கு அனுபவிக்கின்றனர் என்பதையும், அதற்காக நாம் எவ்வளவு எரிசக்தியைச் செலவிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்நகரின் வாழ்க்கைத்தரம் முழுமையாக விளங்கும்.”

நாட்டைக் குறை சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்று சிலர் தயங்குவீர்கள். இது குறை சொல்வதாகாது. சான்றை எடைபோட்டு எழுதுவது, அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. இந்தப் பாடத்தை வகுப்பறைக்குள் முடித்துவிடாதீர்கள். இந்த வார இறுதியில், வீட்டிலுள்ள ஒரு முதியவரோடு அருகிலுள்ள பூங்காவுக்கு நடந்துபோய் வரச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எங்கே நின்று மூச்சு வாங்கினார், உட்கார இருக்கை இருந்ததா, நிழல் இருந்ததா என்று குறித்துவரட்டும். அந்த ஒரு பக்கக் குறிப்பே அடுத்த கட்டுரைக்கு நல்ல சான்றாகும். முக்கியமாக, அது அவர்களே அளந்த சான்றாக இருக்கும்.