காரைக்காலுக்கு ஒரு 'ஒருவேளை'

ஹாரி டர்ட்டில்டவ் 1988-ல் எழுதிய 'தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்' கதையில் நாஜிகள் இந்தியாவைப் பிடிக்கிறார்கள். காந்தியின் அகிம்சை அவர்களிடம் எடுபடவில்லை. நல்ல கேள்விதான். ஆனா அதுக்கு உலகப் போரையே புரட்டிப் போட வேண்டியிருக்கு.

எங்க காரைக்காலுக்கு ஒரே ஒருத்தர் முடிவை மாத்தினா போதும். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. புதுச்சேரி கவர்னர் லூயி போன்வேன் தெ கோல் பக்கம் சேர்ந்தார். விஷி அரசின் பக்கம் போயிருந்தால்? அப்படி நின்ற மடகாஸ்கரில் 1942 மே மாதம் பிரிட்டிஷ் படை இறங்கியது. காரைக்காலைச் சுற்றியோ பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா, கப்பல்கூட வேண்டாம்.

அப்போ 1954 நவம்பர் 1-ல் நடந்த கைமாற்றம்? இன்னிக்கும் இங்க சில வீடுகளுக்கு வர்ற பிரெஞ்சு பென்ஷன்? என் கணக்குல நல்ல 'ஒருவேளை' இப்படித்தான் வீட்டு வாசல் வரைக்கும் வரணும். டர்ட்டில்டவ் கதை டெல்லியோட நின்னுடுது.