வெட்டத் தயங்கும் கூட்டு நாடகம்

கல்லூரி விழாக்களில் மாணவர்களே சேர்ந்து உருவாக்கும் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சு பழக்கப்பட்டது. மது, வரதட்சணை, செல்போன், மரம் வெட்டுதல் என்று சகல தீமைகளும் இருபது நிமிடத்தில் வந்துபோகும். முடிவில் எல்லோரும் வரிசையாக நின்று முழக்கமிடுவார்கள். குழுவில் பத்துப் பேர் என்றால் பத்து யோசனைகளும் மேடையேறிவிடும், யாரையும் புண்படுத்த மனம் வராததால்.

இதற்காகக் கூட்டாக உருவாக்கும் முறையையே பழிக்க முடியாது. பிரதியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவருக்கு ஒரு காட்சி ஏன் நிற்கிறது, ஏன் சரிகிறது என்று பிடிபடாது. தானே கட்டிப் பார்த்தவருக்குப் பிடிபடும். ஜாக் லெக்காக் 1956இல் பாரிஸில் தொடங்கிய நாடகப் பள்ளியில் கருப்பொருளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மாணவர்கள் தாங்களே குழுவாக உழைத்ததைப் பிறகு ஆசிரியர்கள் முன் நடித்துக் காட்ட வேண்டும், விமர்சனத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் இல்லாத ஆசிரியர் பார்வையாளராக வந்துவிடுகிறார். நம் கல்லூரிகளிலோ பொறுப்பாசிரியர் வசனம் முழுவதையும் தானே எழுதித் தருவார். இல்லையென்றால் விழா நாளன்றுதான் நாடகத்தையே பார்ப்பார்.

டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு 1978இல் நடத்திய ‘மெஷின்’ வீதி நாடகத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கலாம். ஒரு தொழிற்சாலைப் போராட்டம்தான் அதற்குத் தூண்டுதல். தொழிலாளர்கள் கேட்டவை சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் ஒரு கேன்டீனும். முதலாளித்துவம் என்ற பெரிய தலைப்பில் தொடங்கியிருந்தால் அது கூட்டமேடைப் பேச்சாகியிருக்கும். நடிகர்களின் உடல்களே இயந்திரமாக இணைந்து இயங்கின, அதனால் விளக்கவுரை தேவைப்படவில்லை. அந்தக் குழுவிலும் பேனாவைப் பிடித்தவர்கள் சஃப்தர் ஹாஷ்மி, ராகேஷ் சக்சேனா என்ற இருவர்தான். பிரான்சில் அரியான் முனூஷ்கினின் குழு ‘1789’ நாடகத்தை (1970) உருவாக்கியபோதும், நடிகர்கள் ஒத்திகையில் முளைக்கவிட்டவற்றிலிருந்து பொறுக்கிக் கோத்தவர் அவரே.

இப்படிப் பொறுக்கும், வெட்டும் அதிகாரம் ஒருவரிடம் போனால் கூட்டுப்படைப்பு பெயரளவுக்குத்தான் என்ற ஆட்சேபம் நியாயமானது. மாணவர் குழுக்களில் அந்த அதிகாரம் பெரும்பாலும் வாய் பலத்தவனிடம் போய்ச் சேரும். பெண்களுக்கு அம்மா வேடமும் பக்கத்துவீட்டு மாமி வேடமும் மிஞ்சும். ஆனால் யாருமே தீர்மானிப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவிலும் அவன்தான் தீர்மானிக்கிறான், மறைமுகமாக. ஆகவே ஒத்திகைக்கு ஒருவர் வீதம் வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும். அன்றைக்கு எதை வெட்டுவது என்பதில் அவர் சொல்வதே முடிவு. மறுநாள் அவரும் நடிக்க வேண்டும், அவருடைய காட்சியை வேறொருவர் வெட்டலாம்.