கொழுப்பில்லாத் தின்பண்டம்: நாய்க்கும் பூனைக்கும் ஒரு டீஹைட்ரேட்டர்

டீஹைட்ரேட்டர் தண்ணீரை மட்டும்தான் எடுக்கும், கொழுப்பைத் தொடாது. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் நாமே ட்ரீட் செய்யலாம் என்று இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டிமேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, கொழுப்பு குறைவதும் கூடுவதும் நாம் தட்டில் எதை அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பு 100 கிராமுக்கு இரண்டு, இரண்டரை கிராம். தண்ணீர் போனபின் மிஞ்சுவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். கோழி ஈரலை அப்படியே காயவைத்தால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நம் வீடுகளில் நாய்க்குப் பிரியமாகப் போடும் தேங்காய்ச் சில்லில் 100 கிராமுக்கு 33 கிராம் கொழுப்பு. மீன், ஆட்டுக்கறி மிச்சங்களில் ஒட்டியிருக்கும் கொழுப்புக்கோ கணக்கே இல்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டுக்கும் இதே கணக்குதான். ஈரமான ட்ரீட் ஒன்றில் கொழுப்பு 5 சதவீதம், ஈரப்பதம் 78 சதவீதம் என்று போட்டிருந்தால் திடப்பொருளில் கொழுப்பு 22 சதவீதத்துக்கு மேல். 10 சதவீத ஈரப்பதமும் 9 சதவீதக் கொழுப்பும் உள்ள பிஸ்கட்டில் அது வெறும் 10 சதவீதம். எண்ணைப் பார்த்து முதலாவதை எடுப்பவர் அதிகக் கொழுப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இன்னொன்று: லேபிளில் கொழுப்பின் அளவைப் பெரும்பாலும் ‘குறைந்தபட்சம்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அதற்குக் குறையாது என்பதே அதன் பொருள், கூடலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது லாப்ரடார். இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அந்தக் கண்கள் கெஞ்சும்போது கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே கொடுப்பதை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

நான் வாங்கியது வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மலிவான வகை. ஹீட்டரும் விசிறியும் அடியில் இருக்கின்றன. 35 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை திருகி வைக்கலாம். சத்தம் மேசை விசிறி அளவுதான், இரவில் அடுப்பங்கரையில் ஓடவிட்டால் தூக்கம் கெடாது. 300 வாட் கருவி எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டரை யூனிட்டைத் தாண்டாது. மொட்டைமாடியில் வெயில் சும்மா கிடக்க இது எதற்கு என்று கேட்கலாம். ஈ, தூசி, காக்கை ஒருபக்கம் இருக்கட்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் கறி காய்வதற்குள் கெடத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம்.

குறைகள் உண்டு. அடித்தட்டு முறுகும்போது மேல்தட்டு இன்னும் நசநசவென்றிருக்கும். இறைச்சி வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிகிறது. இரண்டு மணிக்கொருமுறை தட்டுகளை இடம்மாற்ற வேண்டியிருக்கிறது. கறிச்சாறு நேரே விசிறியின் மேல் சொட்டுவதால் கழுவுவதும் சிரமம். மீன், கறி செய்யத்தான் வாங்குகிறீர்கள் என்றால் விசிறி பின்பக்கம் இருக்கும் அலமாரி வகையே மேல். காற்று எல்லாத் தட்டுக்கும் ஒரேமாதிரி போகும். சாறு கீழே இருக்கும் தட்டில் நின்றுவிடும். விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதலுக்கு அர்த்தம் இருக்கிறது.

கருவியோடு வரும் குறிப்புப் புத்தகம் சொல்லாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பச்சைக் கோழிக்கறியை நேரடியாக இதில் வைக்கவே கூடாது. ஈரம் ஆவியாகும்வரை கறி குளிர்ச்சியாகவே இருக்கும். அதற்குள் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வறட்சிக்குப் பழகி, சூட்டைத் தாங்கிக்கொள்ளும். முதலில் ஆவியிலோ தண்ணீரிலோ வேகவைத்து, உள்சூடு 74 டிகிரியைத் தொட்டபின் 60 டிகிரியில் காயவைக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை மனிதர்கள் தின்னும் உலர் இறைச்சிக்குச் சொல்லும் முறையும் இதுதான். ஊட்டிவிடும் கையும் நம் பிள்ளைகளின் கைதானே, அலட்சியம் வேண்டாம்.

உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. கறியை அரைப்பதமாக உறையவைத்து நறுக்கினால் மெல்லிய துண்டுகள் ஒரே கனத்தில் வரும். நார் ஓடும் திசையில் நறுக்கினால் சவைக்க நேரமாகும், குறுக்கே நறுக்கினால் பொடிப்பொடியாக உடையும். பழக்குவதற்கு இரண்டாவதுதான் வசதி. கொழுப்பு குறைந்த கறியில் இன்னொரு லாபமும் இருக்கிறது: சிக்கு வாடை சீக்கிரம் பிடிக்காது. ஆனாலும் கெட்டிமூடி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கை அரைவேக்காடாக எடுத்து அரை சென்டிமீட்டர் கனத்தில் போட்டேன். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். தோல்போல் வளைந்து, வெகுநேரம் சவைக்க வருகிறது. பூனை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூனைகளுக்கு இனிப்பு தெரியாது, நாக்கில் அதற்கான உணர்வியே வேலை செய்வதில்லை. அதற்கு நெத்திலி. கடைக் கருவாட்டின் உப்பு பூனைக்கு ஆகாது. வேகவைத்த நெத்திலியை உப்பில்லாமல் காயவைத்துத் தந்தபோது மொறுமொறுவென்று தின்றது. இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்தது இங்கேதான். வாடை மட்டும் ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லும்.

அளவை மறந்தால் எல்லாம் வீண். ஒரு கிலோ நெஞ்சுக்கறி காய்ந்தபின் ஏறத்தாழ 300 கிராமாகிவிடும். ஆனால் கலோரி முழுவதும் உள்ளேயே இருக்கிறது, கிராமுக்கு நான்கு கலோரி. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். ட்ரீட் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. அப்படியானால் 15 கிராம் உலர்கறிதான், ஒரு சிறு கைப்பிடிகூட வராது. எடைபோட்டு, அன்றைய பங்கைக் காலையிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுகிறோம்.

கடை உலர்கறியின்மேல் எனக்கு நம்பிக்கை குறைய ஒரு காரணமுண்டு. 2007 முதல் அமெரிக்காவில் உலர்கறி ட்ரீட் தின்ற ஆயிரக்கணக்கான நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வந்தன. பலவற்றுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல ஆண்டுகள் ஆராய்ந்தும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்தக் கறி, எப்போது வெந்தது, என்ன சேர்ந்தது என்பதெல்லாம் வீட்டில் செய்ததில் எனக்குத் தெரியும். அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய நாய் ஒன்றே இருக்கிறதென்றால் வெள்ளரித் துண்டும் வேகவைத்த பீன்ஸும் பூசணியும் போதும். வெள்ளரியில் 100 கிராமுக்கு 15 கலோரிதான். 60 டிகிரிவரை இறக்கிவைக்க முடிகிற கன்வெக்‌ஷன் ஓவன் வீட்டில் இருந்தாலும் தனிக் கருவி வேண்டாம். கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கும், அந்நோய்க்கு எளிதில் ஆளாகும் மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்களுக்கும், நெஞ்சுக்கறியானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே. பெரிய நாய் இருந்து, கூடவே பூனையும் இருக்கிறது, வாரம் ஒருநாள் நறுக்கிக் கழுவப் பொறுமையும் உண்டு என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் பின்விசிறி வகையையே கேளுங்கள்.