சிங்கமுகன் அறிந்திருந்தான்

பேராக் மாநிலத்தில், ஈப்போ கல்லுமலை முருகன் திருக்கோயில் முதல் பழைய ரப்பர்த் தோட்டங்களின் சிறு கோயில்கள் வரை, கந்தசஷ்டி நாள்களில் கந்தபுராணத்திற்கு உள்ளுறை கூறுவார் உளர். சூரபதுமன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை, வேல் ஞானம். இவ்வளவில் விளக்கம் முற்றுப்பெறும். கேட்டவர் மகிழ்ந்து பிரசாதம் பெற்று வீடு திரும்புவர்.

இவ்வாறு பொருள் காண்பது இக்காலத்தார் புனைந்த சமாளிப்பு என்று தள்ளுதல் பொருந்தாது. சிவபெருமான் எரித்த முப்புரம் என்பது மும்மலத்தின் காரியமே என்று திருமூலர் அன்றே கூறிவிட்டார். ஆகவே புராணத்தை மனத்தின் வரலாறாகக் கொள்வது சைவ மரபுக்கு அயலானதன்று. குறை எங்கேயெனில், பெயர்ச்சீட்டை ஒட்டியவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுவதில்தான். ஆசிரியர் கச்சியப்ப சிவாசாரியார் 10,000-க்கும் மேற்பட்ட செய்யுள்களைப் பாடியது நான்கு சொற்களை மறைத்து வைப்பதற்காகவா?

சிங்கமுகனை நோக்குக. வீரவாகு தூது வந்து சென்றபின் அவையில் அவன் தமையனுக்கு இடித்துரைக்கின்றான்: தேவரைச் சிறைவிடுக, வந்திருப்பவன் சிறுவன் அல்லன், பரம்பொருள் என்கின்றான். சூரன் சினந்து இகழ்கின்றான். அந்த இகழ்ச்சிக்குப்பின் சிங்கமுகன் தான் கண்ட உண்மையைக் கைவிட்டானா? இல்லை. உண்மையை அறிந்துகொண்டே, உடன்பிறப்பின் பொருட்டுப் போர்க்களம் புகுந்து மாள்கின்றான். கம்பர் காட்டும் கும்பகருணனும் இவ்வினத்தானே. அறியாமையால் கெடுவது ஒன்று. அறிந்தும் விலகமாட்டாமல் கெடுவது வேறொன்று. ‘கன்மம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேற்றுமையைக் காண இயலாது.

தோட்டத்து வாழ்வை அறிந்தவர்க்குச் சிங்கமுகன் புதியவன் அல்லன். கள்ளுக்கடை குடும்பத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தும் கூட்டாளியின் மனம் நோகக் கூடாதென்று உடன் சென்றவன் அவன். கங்காணி செய்தது அநீதி என்று உணர்ந்தும் உறவு கருதி வாய் மூடியவனும் அவனே. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஆனால் இம்மனநிலை மட்டும் பெயரவில்லை. புராண விளக்கம் தொடவேண்டிய இடம் இதுவன்றோ?

சூரன் முடிவிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கடல் நடுவே மாமரமாய் நின்றவனை வேல் பிளக்க, அவன் மயிலும் சேவலுமாகி, ஊர்தியும் கொடியுமாக ஏற்கப்பெறுகின்றான். ஆணவம் அடியோடு அழிவதில்லை, அதன் ஆற்றலே அடங்கும் என்பது சைவ சித்தாந்தம். அக்கொள்கை இங்கே கதையாகவே நிற்கின்றது. விழா மொழியில் ‘சூரன் ஒழிந்தான்’ என்று முழங்குவோர் மயிலைப் பார்த்தும் பாராதவரே.

இனித் தேவரை நற்குணங்கள் என்று கொள்வதிலும் இடர் உண்டு. அவர்கள் குற்றமற்றவராய் இருந்து சிறைப்பட்டாரல்லர். சிவனை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியில் அமர்ந்திருந்த பழி அவர்களைத் தொடர்ந்தது என்று நூலே கூறுகின்றது. அங்கும் அதே கதைதான்: தவறென்று அறிந்தும் எழுந்து போகாத அவை. சூரசம்ஹாரத்தோடு பெரும்பாலும் விளக்கவுரை முடிந்துவிடுவதால், இதனை விரித்துரைக்கும் தக்க காண்டம் கேட்போர் செவிக்கு எட்டுவது அரிதாகின்றது.