பட்டா யார் பேரில்?

கோவில்பட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட். என் மதினி கொண்டுவந்த இட்லிப்பொடிப் பாக்கெட்டை அண்ணாச்சி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சீல் ஒட்டியிருக்கிற ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டினார். பிரித்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார்.

"பொருள் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பார்கோடு எங்க?"

"அது எங்க வாங்கணும் அண்ணாச்சி?"

"நெட்ல தேடுங்க. நூறு பேர் விக்கான்."

அவர் சொன்னது பொய்யில்லை. விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே கைமாறுவது என்ன என்று பார்க்காமல் காசைக் கட்டியவர்கள் பின்னால் பாக்கெட் பாக்கெட்டாக ஸ்டிக்கரைக் கிழித்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இட்லிப்பொடிக்கு பார்கோடு வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. சட்டம் கேட்பவை வேறு: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், நிகர எடை, எம்ஆர்பி, தேதிகள், தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர். அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் அல்லது பார்கோடு கட்டாயம் ஆனது. அது போலி மருந்துக் கவலை, பொடிக்காரர்களுக்குச் சம்பந்தமில்லை. நம்மிடம் பார்கோடு கேட்பது கடையின் பில்லிங் கவுன்ட்டர். ஆகவே இது எவ்வளவு செலவு, எப்போது, யாருக்காக என்ற வியாபாரக் கணக்கு.

அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு மதிப்பே கிடையாது. இலவச மென்பொருளில் ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். சரக்கு, கீழே இருக்கிற 13 இலக்க எண். அதில் விலை இல்லை, எடை இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஸ்கேனர் எண்ணைப் படிக்கிறது. கடைக் கணினி அந்த எண்ணுக்கு நேராகத் தன்னிடம் எழுதிவைத்திருப்பதைக் காட்டுகிறது. அவ்வளவுதான். பழைய எம்ஆர்பி சரக்கும் புது எம்ஆர்பி சரக்கும் ஒரே அலமாரியில் கிடக்கும் நம் ஊர்க் கடைகளில், பீப் சத்தம் கேட்ட பிறகும் பில் போடும் பெண் பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பார்ப்பது இதனால்தான். எண் ஒன்று, விலை இரண்டு. திரையில் இரண்டும் வந்து நிற்கும்.

எண்ணின் தொடக்கத்தில் 890 இருந்தால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு தேசபக்திச் செய்தி சுற்றும். தவறு. எண்ணுக்குரிய நிறுவனம், எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை; பொருளை எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம். இலங்கைப் பதிவுக்கு 479, மலேசியாவுக்கு 955. அங்கும் இதே கதைதான்.

கடைசி இலக்கத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. "நம்பர் செக் ஆகுது சார், ஒரிஜினல்" என்பார்கள் விற்பவர்கள். 890123456789 என்ற பன்னிரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடம் என்று ஒன்று விட்டு ஒன்றைக் கூட்டினால் 28. மீதி ஆறையும் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம், இங்கே 0. கவுன்ட்டரில் கையால் அடிக்கும்போது ஒரு இலக்கம் பிசகினால் காட்டிக்கொடுக்க வைத்த ஏற்பாடு இது. திருட்டு எண்ணுக்கும் இந்தக் கணக்கு சரியாகவே வரும். எண் யாருடையது என்று அது சொல்லாது.

யாருடையது என்பதுதான் விஷயமே. நிலம் வாங்கப் போகிறவர் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதற்கு முன் பட்டா யார் பேரில் என்று கேட்பார். பார்கோடு வாங்குகிறவர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

நெட்டில் கிடைக்கும் மலிவு எண்கள் எங்கிருந்து வருகின்றன? எல்லாமே கள்ள எண் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் யூனிஃபார்ம் கோட் கவுன்சில் என்ற அமைப்பு ஒருகாலத்தில் ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு எண் தொகுதிகளைக் கொடுத்தது. பிறகு வருடச் சந்தா கேட்டபோது வழக்கு வந்தது. 2002 ஆகஸ்டுக்கு முன் வாங்கியவர்களுக்குச் சந்தா இல்லை என்று ஆனது. அந்தப் பழைய தொகுதிகளில் மிஞ்சியவற்றைத்தான் சில்லறையாகப் பிரித்து விற்கிறார்கள். ஆக, எண் நிஜம். அண்ணாச்சி கடை ஸ்கேனரில் மறுபேச்சில்லாமல் பீப் அடிக்கும். ஒரே ஊரில் நான்கு கடைக்குப் போடுகிறவர் இதை வாங்கி ஒரு சிக்கலும் இல்லாமல் காலம் தள்ளலாம். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஜிஎஸ்1 தளத்தில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். தட்டினால் கோவில்பட்டி இட்லிப்பொடிக்கு உரிமையாளராக வேறொரு நிறுவனத்தின் பெயர் வரும். அமேசான் பட்டியலில் ஏற்றும்போது அதே பதிவேட்டோடுதான் ஒப்பிடுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் பொருளை நீக்கவும் செய்யும். விற்றவர் கொடுத்த "உரிமைச் சான்றிதழ்" அவரே அடித்த கடிதம். அவர் இதே எண்ணை இன்னொருவருக்கும் விற்றிருந்தால் போய் முறையிட இடமில்லை. 890-ல் தொடங்கும் எண்ணையே ஒருவர் உதிரியாக விற்றால் அது இன்னும் மோசம். ஜிஎஸ்1 இந்தியா தருகிற எண் தொகுதியை அடுத்தவருக்குக் கைமாற்ற உறுப்பினருக்கு அனுமதி இல்லை.

எனவே இந்த வழியை நான் முழுசாகவே ஒதுக்குகிறேன். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. தொழில் வளர்கிற அன்றுதான் அது காலை வாரும். அதுவரை நன்றாகவே நடக்கும். அதுதான் ஆபத்து.

அப்படியானால் நேரே ஜிஎஸ்1 இந்தியாவா? 1996-ல் மத்திய வணிக அமைச்சகமும் தொழில் சங்கங்களும் சேர்ந்து தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. எண் நம் பேரில் பதிவாகும். உலகத்தில் எங்கே தட்டினாலும் நம் பெயர் வரும். கட்டணம் விற்றுமுதலையும் எத்தனை எண் வேண்டும் என்பதையும் பொறுத்தது. மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் திட்டத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. இது விலைக்கு வாங்குவதல்ல, வாடகை. சந்தா நின்றால் எண்ணைப் பயன்படுத்தும் உரிமையும் நின்றுவிடும். புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பின்னட்டையிலும் 978 என்று தொடங்கும் இதே 13 இலக்கப் பார்கோடுதான். அந்த ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை பதிப்பாளருக்கு இலவசமாகக் கொடுக்கிறது. கவிதைத் தொகுப்புக்குச் சும்மா கிடைக்கிற எண்ணுக்கு, கறிவேப்பிலைப் பொடி செய்கிறவர் ஆயுசுக்கும் வாடகை கட்டுகிறார். பதிவேட்டைப் பராமரிக்கச் செலவு இருக்கிறது என்பது நியாயம்தான். அதைக் குடிசைத் தொழில் மட்டத்தில் அரசு ஏன் நேரடியாக ஏற்கக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது வழியை யாரும் வழியாகவே மதிப்பதில்லை: கடை போடுகிற எண். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்களைக் கடைகள் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. காய்கறி எடைமேடையில் 2-ல் தொடங்கி ஒட்டித் தருகிறார்களே, அந்தக் குடும்பம். தயாரிப்பவருக்கு ஒரு காசு செலவில்லை. அண்ணாச்சி முதலில் இதற்குத்தான் ஒப்புக்கொண்டார். பின்கட்டில் ஒரு பையன் லேபிள் ரோலை உரித்து உரித்து ஒட்டினான். சரியாக பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கிற இடத்தின் மேலேயே. மதினி பதறிப்போய் அவனுக்கு வேறு இடம் காட்டிக்கொடுத்தார். குறை இவ்வளவுதான்: சாத்தூரில் இன்னொரு கடை வேறு எண் போடும், ஒரே பொடிக்கு ஊருக்கொரு பெயர்.

என் தீர்ப்பு இந்த மூன்றாம் வழியில் தொடங்கி, ஜிஎஸ்1-ல் முடிகிறது. எப்போது மாறுவது என்பதற்கு வருமானத்தை அளவாக வைக்க மாட்டேன். பல கிளை உள்ள கடை ஒன்று சரக்குக் கேட்டாலோ, ஆன்லைனில் சொந்த பிராண்டாக இறங்கினாலோ மாறலாம். அதைவிடக் கறாரான எல்லை ஒன்று உண்டு, அச்சு சிலிண்டர். ஸ்டிக்கர் ஒட்டிய வெற்றுப் பவுச் வரைக்கும் எண்ணை எப்போதும் மாற்றலாம். பவுச்சையே அச்சடிக்க முடிவுசெய்து, நிறத்துக்கு ஒன்றாக சிலிண்டர் வெட்டிவிட்டால், எண் உலோகத்தில் ஏறிவிட்டது. அதற்கு முந்தின வாரம் எண் நம் பேரில் இருக்க வேண்டும்.

எத்தனை எண் என்று கேட்டால், 100 கிராமுக்கு ஒன்று, 200 கிராமுக்கு வேறு. மூன்று பொடி, மூன்று எடை என்றால் ஒன்பது. விலை ஏறினால் பழைய எண்ணே போதும். 100 கிராமை 90 ஆக்கினால் புது எண். விட்டுவிட்ட பொருளின் எண்ணை வேறு பொருளுக்கு ஒட்டக்கூடாது.

மதினியின் லேபிளை வடிவமைத்த தம்பி முதல் மாதிரியில் பார்கோட்டையே மிளகாய்ச் சிவப்பில் போட்டிருந்தார். பார்க்க அழகு. பெரும்பாலான ஸ்கேனரின் ஒளி சிவப்பு. வெள்ளையில் சிவப்புக் கோடு அதற்கு வெறும் வெள்ளை. இரண்டாவது மாதிரியில் கோட்டையே எடுத்துவிடச் சொன்னோம். இப்போது பின்பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே, 38-க்கு 26 மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைக் கட்டம் காலியாக இருக்கிறது. அண்ணாச்சி கடைப் பையன் அந்தக் கட்டத்துக்குள்தான் ஒட்டுகிறான்.